வெள்ளை உடுப்பு இல்லாமல் வாருங்கள்

முதலில் அந்தச் சத்தத்தைச் சொல்லிவிடுகிறேன், சிஸ்டர். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் என்னைப் பைத்தியக்காரி என்றுதான் நினைப்பீர்கள்.

சர்ர்... சர்ர்... ராத்திரி பத்தரைக்கு மேல், எங்கள் படுக்கையறைக்கு நேர் மேலே. யாரோ மணலை வாரி வாரி இறைக்கிற மாதிரி. கொஞ்ச நேரம் நிற்கும். டப் என்று ஒரு தட்டு. மறுபடியும் சர்ர்... ரோவி என் பக்கத்தில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் மட்டும் மேல்தளத்தைப் பார்த்தபடி படுத்திருந்தேன். அவள் அப்பா ரெக்ஸ் கப்பலில். அன்றைக்கு எந்தக் கடலில் என்றுகூட எனக்குத் தெரியாது. வீட்டில் ஆம்பிளை இல்லாத ராத்திரிகளில் காது எவ்வளவு பெரிதாகிவிடும் என்று உங்களுக்குத் தெரியுமா?

இது நடந்து மூன்று வாரமாகிறது. இன்று ராத்திரி மேலே அந்தச் சத்தம் இல்லை. இனி வராது. அதற்கும் நான்தான் காரணம்.

என்னை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். லூர்து தெரு, பச்சை கேட், கீழ் வீட்டு பெனிட்டா. நீங்கள் நகர்நல மையத்திலிருந்து ஊசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவீர்கள். மூன்று தடவை என்னிடம் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்று தடவையும் நான் பொய் சொன்னேன். மூன்றாவது பொய் இன்று மத்தியானம், பெரியாஸ்பத்திரி வராந்தாவில். என் மகளோடு ஒரு வாரமாகப் பழகியவர்கள் யார் யார் என்று கேட்டு ஒரு தாளில் எழுதினீர்களே, அதில் ஒரு பெயரை விட்டுவிட்டேன்.

மாடி வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது. பத்து மாசம். பெயர் தர்ஷன்.

அதுதான் விஷயம். இதோடு நிறுத்திவிட்டு நீங்கள் எழுந்து வந்தால்கூடப் போதும். உங்கள் போனுக்கு ஏழு தடவை அடித்துவிட்டேன், அணைத்து வைத்திருக்கிறீர்கள். நாள் முழுக்க ஆஸ்பத்திரிக்கும் கேம்புக்குமாக அலைந்தவர், தூங்கத்தானே செய்வீர்கள். அப்படியானால் வார்டிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் உடனே வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள், அந்த வெள்ளை உடுப்போடு. அந்த உடுப்பைப் பார்த்தால் மாடிக் கதவு திறக்காது. ஏன் திறக்காது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். விடிந்ததும் நகர்நல மையத்து வாசலில் நின்று உங்கள் கையில் கொடுப்பேன்.

ஐப்பசியில் ஸ்கூல் மைதானத்தில் ஒரு ஒத்திகை நடந்தது. நீங்களும் வந்திருந்தீர்கள், ஓ.ஆர்.எஸ். மேஜை பக்கத்தில் நின்றிருந்தீர்கள். 'உயிரி ஆயுதத் தாக்குதல், தற்காப்பு ஒத்திகை' என்று பேனர். துறைமுகம் இருக்கிற ஊர், எங்கிருந்து எது வந்து இறங்கும் என்று சொல்ல முடியாது என்றார்கள். பெற்றோர்கள் கட்டாயம் வரவேண்டும் என்று டைரியில் எழுதி அனுப்பியிருந்தார்கள். மற்ற அம்மாக்கள் பந்தல் நிழலில் உட்கார்ந்து எலுமிச்சை ஜூஸ் குடித்தார்கள். நான் முன்வரிசையில் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் என்னைப் பொறுக்கினார்கள். நோயாளியாக நடிக்க.

கழுத்தில் சிவப்பு அட்டை மாட்டினார்கள். சிவப்பு என்றால் உடனே பார்க்க வேண்டிய கேஸ். ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து ஒரு பையன் சொன்னான்:

"மூச்சு திணறணும், மேடம்."

"எப்படித் தம்பி?"

"நல்லாத் திணறுங்க. கலெக்டர் வர்றாரு."

திணறினேன். வெள்ளை உடுப்பில் எட்டு பேர் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சிரிக்காதீர்கள் சிஸ்டர், ஒரு உண்மையைச் சொல்கிறேன். ரெக்ஸ் போய் ஏழு மாசத்தில் என்னை யாரும் அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டதில்லை.

பிறகு அந்த அதிகாரி பேசினார். கடிதத்தில் வரலாம், பார்சலில் வரலாம், வெள்ளைப் பொடியாக வரலாம், தண்ணீரில் கலக்கலாம் என்றார். நான் எழுந்து ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டேன். தடுப்பூசி மருந்துக்குள்ளேயே யாராவது கலந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? மைதானமே திரும்பிப் பார்த்தது. அவர் சிரித்து, "வெரி குட் கொஸ்டின், மேடம்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். இந்த மேடம் மாதிரி நீங்களும் விழிப்பாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

இல்லை என்று அவர் சொல்லவில்லை. கவனியுங்கள். அப்படி நடக்காது என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை.

அடுத்த வாரம் நீங்கள் வந்தீர்கள்.

"அஞ்சு வயசு ஊசி போட்டாச்சாம்மா?"

"பிரைவேட்ல போட்டாச்சு சிஸ்டர்."

"கார்டு காட்டுங்க."

"அவர் கப்பலுக்கு எடுத்துட்டுப் போயிட்டார்."

"பிள்ளை கார்டை வச்சுக்கிட்டு அவரு கப்பல்ல என்ன பண்ணப் போறாரு?" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். உண்மையில் ஒன்றரை வயசு ஊசியும் போடவில்லை, சிஸ்டர். அப்போது போனில் ஊசி போட்டால் பிள்ளைகளுக்கு ஆபத்து என்று ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருந்தது. கார்டு என் பீரோவில், புடவைக்கு அடியில் இருந்தது. எல்.கே.ஜி. சேர்க்கும்போது அந்தக் கட்டங்களை நானே நிரப்பினேன். ஒரே பேனாவில் எழுதினால் தெரிந்துவிடும் என்று நீலம் ஒன்று, கறுப்பு ஒன்று.

பத்து நாள் கழித்து மறுபடியும் வந்தீர்கள். "மாடியில புதுசா ஒரு குடும்பம் வந்திருக்காமே, கைப்பிள்ளையோட? மூணாவது தவணை பாக்கின்னு அவங்க ஊர்ல இருந்து லிஸ்ட் வந்திருக்கு" என்றீர்கள். அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், வீடு பூட்டியிருக்கிறது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அந்தப் பெட்டி என் வாசலைத் தாண்டி மேலே ஏறி இறங்கினால், மறுபடியும் ரோவியைக் கேட்பீர்களே என்றுதான். வேறொன்றும் இல்லை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேலே குழந்தை அழுதது. டிவி என்றேன். நீங்கள் நம்பினீர்கள். கான்வென்ட்டில் படித்தவள், ஏன் பொய் சொல்லப்போகிறாள்?

மாடி வீட்டில் இருக்கிறவள் செவ்வந்தி. எட்டயபுரம் பக்கம் ஏதோ கரிசல் ஊர். அவள் புருஷன் இசக்கிராஜ் உப்புக் குடோனில் வாட்ச்மேன். நல்லதுகள்தான். இப்போது சொல்கிறேன். அப்போது எனக்கு அவர்களைப் பிடிக்காது. படிக்கட்டில் வேட்டியைக் காயப்போடுவார்கள். என்னைப் பார்த்ததும் அவள் "அக்கா, சாப்டீயளா?" என்று தெருவே கேட்கக் கூப்பிடுவாள். நான் தலையை மட்டும் ஆட்டுவேன். ரோவி மேலே போகக்கூடாது என்று சொல்லிவைத்திருந்தேன்.

அந்தச் சத்தம் நான்கு ராத்திரி கேட்டது. ஐந்தாவது ராத்திரி செருப்பில்லாமல் படியேறிப் போனேன். ஜன்னல் அரைக்கதவு திறந்திருந்தது.

ரெண்டு பேர். மூக்கு வாய் எல்லாம் துணியால் இறுக்கிக் கட்டி, கண் மட்டும் தெரிகிறது. தலைமுடி, புருவம், கை எல்லாம் வெள்ளை. தரையில் குவியல் குவியலாக வெள்ளைப் பொடி. ஒருத்தர் சலிக்க, ஒருத்தர் சின்னச் சின்ன பிளாஸ்டிக் கவரில் அடைத்து மெழுகுவர்த்தி நெருப்பில் காட்டி ஒட்டுகிறார்கள். மூலையில் தொட்டிலில் குழந்தை. என்னுடைய நோட்டில் நான் எழுதிவைத்த வரி அப்படியே கண்முன்னால் உட்கார்ந்திருந்தது: பொடி, ரகசியமாக, இரவில், சிறு பொட்டலங்களாக.

ஒத்திகையில் கொடுத்த நோட்டீஸை ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தேன். அதிலிருந்த நம்பருக்கு அடித்தேன். பேசியவர், "உங்கள் பெயரை ரகசியமாக வைப்போம், மேடம்" என்றார். நான் படித்த கான்வென்ட்டில், தமிழ் பேசி மாட்டுகிற பிள்ளைகளின் பெயரை எழுதுகிற நோட்டு ஐந்து வருஷம் என்னிடம்தான் இருந்தது, சிஸ்டர். மதர் அதை வேறு யாரிடமும் கொடுத்ததே இல்லை. தப்பாக ஒரு பெயரை நான் எழுதினதே கிடையாது. போனை வைத்தபோது அந்த நாட்கள் மாதிரிதான் இருந்தது. கடமையைச் செய்த மாதிரி.

மறுநாள் காலையில் மூன்று வண்டி வந்தது. தெருவின் ரெண்டு முனையிலும் கயிறு கட்டினார்கள். வெள்ளை உடுப்புக்காரர்கள் மாடி ஏறினார்கள். இசக்கிராஜ் கத்தினது தெரு முழுக்கக் கேட்டது.

"கோலமாவு சார்! கோலமாவு! மார்கழிக்கு வீடு வீடா விக்கிறதுக்கு வச்சிருக்கோம்!"

"சரிப்பா, சோதிச்சுப் பார்த்துட்டுச் சொல்றோம்."

"இதுல சோதிக்க என்ன சார் இருக்கு? உங்க வீட்டம்மாகிட்ட காட்டுங்க, சொல்லுவாங்க!"

உடுப்புக்குள் ஒருத்தர் சிரித்த சத்தம்கூட எனக்குக் கேட்டது. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. கேட்டுக்குப் பக்கத்தில் நீலத் தார்ப்பாயை மறைப்பாகக் கட்டி, அவளையும் அவனையும் குழந்தையையும் நிற்கவைத்துக் குழாயால் தண்ணீர் அடித்தார்கள். கட்டியிருந்த துணியைப் பையில் போட்டு முடிந்தார்கள். காற்று தார்ப்பாயைத் தூக்கித் தூக்கிப் போட்டது. எதிர் மொட்டைமாடியில் எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். செவ்வந்தி உள்பாவாடையோடு குழந்தையை நெஞ்சில் அழுத்திக்கொண்டு நின்றாள். குழந்தை மூச்சுப் பிடித்து அழுதது. நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

மார்கழி என்று ஒன்று இருப்பதே எனக்கு ஞாபகம் வரவில்லை, சிஸ்டர். டிசம்பர் என்றால் எனக்குக் குடில், நட்சத்திரம், கேக்குக்கு ஊறப்போட்ட திராட்சை. இத்தனை வருஷம் இந்த ஊரில், இந்தக் கோலங்களைத் தாண்டித்தான் பூசைக்குப் போயிருக்கிறேன். ஒரு நாள்கூட அந்த மாவு எங்கிருந்து வருகிறது என்று யோசித்ததில்லை.

ரெண்டு நாள் தனி வார்டில் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். வெள்ளைக்கல் பொடி, கொஞ்சம் அரிசி மாவு. வேறொன்றும் இல்லை. மூட்டைகளைத் திருப்பித் தரவில்லை, ஏற்கெனவே அழித்துவிட்டார்களாம். எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: விழிப்புணர்வோடு செயல்பட்டமைக்கு நன்றி.

அன்று சாயங்காலம் செவ்வந்தி என் வாசல்படியில் வந்து உட்கார்ந்தாள். முதல் தடவையாக உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தேன்.

"எவளோ ஒருத்தி போன் பண்ணியிருக்காக்கா. பொம்பளக் குரல்னு அந்த வண்டி டிரைவர் சொன்னாரு. எதுத்த வீட்டு மொட்டமாடிக்காரியாத்தான் இருக்கும். அவதான் எப்பப் பாத்தாலும் எட்டிப் பாப்பா."

"இருக்கும்" என்றேன்.

"அவ கை வெளங்குமாக்கா? எம்புள்ளய அம்மணமா நடுத்தெருவுல நிக்க வச்சவ கை வெளங்குமா?"

"வெளங்காது" என்றேன். அவள் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு ரோவி மேலே போக அனுமதித்தேன். பாவத்துக்குப் பரிகாரம் மாதிரி. புரிகிறதா உங்களுக்கு? அவர்களோடு சேர்ந்துகொண்டேன் என்று எனக்கு நானே காட்டிக்கொள்ள என் பிள்ளையை அனுப்பினேன். ஸ்கூல் விட்டதும் ஓடுவாள். தம்பி, தம்பி என்று உயிரை விட்டாள். ரொட்டியைத் தன் வாயால் கடித்து மெதுவாக்கி அவன் வாயில் வைப்பாள். "ஐயோ, ஆத்தாகாரி கணக்கால்ல ஊட்டுறா!" என்று செவ்வந்தி சிரிப்பாள். நானும் பார்த்துச் சிரித்தேன். போன வாரம் முழுக்க.

செவ்வாய்க்கிழமை ரோவிக்குக் காய்ச்சல். தொண்டை வலிக்கிறது என்றாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பொடி. கோலமாவு என்று அவர்கள் சொன்னது பொய், ஊர் பயந்துவிடும் என்று முடிவை மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். நோட்டை எடுத்தேன். ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டினேன். பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தரையைத் துடைத்தேன், அந்த நெடியில் பிள்ளைக்கு இன்னும் இருமல். கையுறை போட்டுக்கொண்டு கஞ்சி கொடுத்தேன். "அம்மா, வெறுங்கையால தாம்மா" என்று கேட்டாள். தரவில்லை. புதன்கிழமை தெருமுனை கிளினிக் டாக்டரிடம் காட்டினேன். "ஊசியெல்லாம் போட்டிருக்கா?" என்றார். எல்லாம் போட்டாச்சு என்றேன். அது வாயில் தானாகவே வருகிற பதிலாகிவிட்டது. இருமலுக்கு ஒரு பாட்டில் எழுதிக் கொடுத்தார்.

நேற்று ராத்திரி மறுபடியும் அந்தச் சத்தம். சர்ர்... சர்ர்... கோபம் தலைக்கேறியது எனக்கு. மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள் என்று படியேறினேன். பாதிப் படியில் நின்றேன். மேலே விளக்கு இல்லை. சத்தமும் இல்லை. சத்தம் எனக்குப் பின்னால், கீழே, என் வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

ஓடி வந்து விளக்கைப் போட்டேன். உட்கார்ந்திருந்தாள். கழுத்து வீங்கி, தாடையோடு ஒன்றாகி, கண்ணை அகல விரித்துக்கொண்டு மூச்சை இழுத்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் அந்தச் சலிக்கிற சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தேன். தொண்டையில் சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி ஒன்று படர்ந்திருந்தது.

பெரியாஸ்பத்திரியில் அந்த இளம் டாக்டர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். "டிப்தீரியா. தொண்டை அடைப்பான்."

"அது... யாராவது பரப்பினதா டாக்டர்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பழைய வியாதிம்மா. ஊசி போடாத பிள்ளைகளுக்கு வரும். யாரும் பரப்ப வேண்டாம், அதுவா வரும்."

எதிர்ப்புச் சீரம் உடனே ஏற்ற வேண்டும் என்றார்கள். அந்த மருந்து இங்கே இல்லை. பக்கத்து ஜில்லாவிலும் இல்லை. சென்னையிலிருந்து காரில் வருகிறது, அதிகாலை நாலு மணிக்குள் வந்துவிடும் என்கிறார்கள். அதுவரை ஆண்டிபயாட்டிக்கும் ஆக்சிஜனும்.

"அன்னைக்கு ஒத்திகையில நாற்பது உடுப்பு இருந்துச்சே சார்? கூடாரம், தண்ணி அடிக்கிற மெஷின் எல்லாம் இருந்துச்சே? ஒரு பாட்டில் மருந்து இல்லையா?"

"அது வேற திட்டத்துல வந்ததும்மா" என்றார். அவரைத் திட்டி என்ன செய்ய? ராத்திரியெல்லாம் போன் போட்டு அந்த மருந்தைத் தேடினவரே அவர்தான்.

அப்புறம் மத்தியானம் நீங்கள் வந்தீர்கள். என் தொண்டையில் பஞ்சை விட்டு எடுத்தீர்கள், மாத்திரை கொடுத்தீர்கள், முகக்கவசத்தைக் கழற்றாதே என்றீர்கள். தாளை எடுத்து, "பிள்ளையோட பழகினவங்களைச் சொல்லும்மா. எல்லாருக்கும் இன்னைக்கே மருந்து கொடுக்கணும். சின்னப் பிள்ளைங்க இருந்தா முதல்ல சொல்லு" என்றீர்கள். வகுப்புப் பிள்ளைகளைச் சொன்னேன். வேன் டிரைவரைச் சொன்னேன். என் நாத்தனார் ஜெசிந்தாவைச் சொன்னேன். "மாடி வீட்டுக்காரங்க ஊர்ல இருந்து வந்துட்டாங்களாமே?" என்று நீங்களே கேட்டீர்கள். பேச்சுவார்த்தை கிடையாது, சிஸ்டர், என்றேன்.

மாடிக்குப் போனால் நீங்கள் அந்த வண்டியோடுதான் போவீர்கள் என்று நினைத்தேன். போனால் பேச்சு வரும், அன்றைக்கு யார் போன் பண்ணினது என்று வரும், அந்த வண்டி டிரைவர் என் குரலை வைத்துச் சொல்லிவிடுவான். என் பிள்ளை உள்ளே மூச்சுக்குத் தவிக்கும்போது என் மனசு இப்படியும் கணக்குப் போட்டது. எழுதவே கை கூசுகிறது.

ரோவியின் ஊசிக் கார்டைக் கொண்டுவரச் சொல்லித்தான் ராத்திரி என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். வார்டு வாசலில் ஜெசிந்தா மதினி உட்கார்ந்திருக்கிறாள். கார்டு என் முன்னால் மேஜையில் இருக்கிறது. நான் எழுதின கட்டங்களின்மேல் குறுக்கே கோடு போட்டு, 'போடவில்லை, தாய் பொய்யாக எழுதியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அதனால் சொல்கிறேன். நீங்கள் தனியாக வாருங்கள். நீங்கள் எப்போதும் கட்டுகிற சேலையில், அந்த ஊசிப் பெட்டியோடு. முகத்தை மூடியிருக்கத்தான் வேண்டும் என்றால் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்ளுங்கள். வெள்ளை உடுப்பு வேண்டாம். உங்கள் குரலை வாசலில் கேட்டால் அவள் திறப்பாள். நீங்கள் யாரையும் தண்ணீர் அடித்ததில்லை.

இருங்கள். மேலே குழந்தை இருமுகிறது.

இல்லை, நிற்கவில்லை. இது சாதாரண இருமல் மாதிரி இல்லை. விடியும்வரை பொறுக்க முடியாது. நானே போய் அவர்களைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறேன். இந்தக் காகிதத்துக்கே தேவையில்லாமல் போகட்டும்.

போய்விட்டு வந்தேன், சிஸ்டர்.

கதவைத் தட்டியதும் "யாரு?" என்றாள்.

"நான்தான் செவ்வந்தி. கீழ் வீட்டு அக்கா."

அன்றைக்கு உள்ளே நுழைந்தவர்கள் பழைய தாழ்ப்பாளைப் பெயர்த்துவிட்டார்கள், அதனால் கயிற்றால்தான் கட்டிவைத்திருந்தார்கள். இன்று கயிறு இல்லை. கதவு ஒரு சாண் திறந்தது. தோளில் குழந்தை, கண் சொருகி, கன்னம் சிவந்து.

"ரோவி எப்பிடிக்கா இருக்கா? மஞ்சத் துணியில காசு முடிஞ்சு வச்சிருக்கேன்க்கா அவளுக்கு. ஒண்ணும் ஆவாது." பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். கதவு கொஞ்சம் சாய்ந்தது. "எதுக்கு மூஞ்சிய மூடிருக்கீய?"

"கழட்டக்கூடாது செவ்வந்தி. எனக்குள்ளயும் இருக்கலாம். தம்பிக்கு எப்ப இருந்து இருமல்?"

"சாயங்காலத்துல இருந்து. பனிக் காத்து."

"பனிக் காத்து இல்ல. ரோவிக்கு வந்ததுதான். அவ ஊட்டிவிட்டாள்ல. இப்பவே தூக்கிட்டு வா, ஆட்டோ வரச் சொல்றேன். பெரியாஸ்பத்திரிக்குப் போயிருவோம்."

"அந்த வார்டுக்கா? நான் வரமாட்டேன்க்கா. ரெண்டு நாளு அங்க கெடந்தேன். புள்ளைக்கிப் பாலு கேட்டா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு கையக் காட்டுனாக."

"இது அது இல்லம்மா. இது நிஜமான நோய்."

"அன்னிக்கும் நிஜம்னுதான் சொன்னாக."

நான்கு படி இறங்கி நின்று முகக்கவசத்தைக் கழற்றினேன். என் முகம் தெரியட்டும் என்று. உள்ளேயிருந்து இசக்கிராஜ், "இந்நேரத்துல யாருட்ட பேசிக்கிட்டு நிக்க?" என்றான்.

"கீழ் வீட்டு அக்கா. புள்ளைக்கி சீக்குங்காக."

"அவுகளுக்கு எப்பிடித் தெரியுமாம்? அன்னிக்கும் ஒருத்தி இப்பிடித்தான் உறுதியாச் சொல்லிருப்பா."

அப்போதுதான் சொன்னேன். உண்மையைச் சொன்னால் நம்புவார்கள் என்று நினைத்தேன். மதரிடம் அப்படித்தான். ஒப்புக்கொண்டால் அதற்குப் பிறகு நம் வார்த்தைக்கு மதிப்பு இருக்கும்.

"அது நான்தான் செவ்வந்தி. அன்னிக்கு நான்தான் போன் பண்ணேன். தப்பாச் சொல்லிட்டேன். இன்னிக்குத் தப்பில்ல. என் பிள்ளை மேல சத்தியமா இன்னிக்குத் தப்பில்ல. தம்பியைத் தா, என்னை அப்புறம் என்ன வேணும்னாலும் செய்யி."

அவள் திட்டுவாள் என்று நின்றேன், திட்டியிருந்தால்கூடக் கையைப் பிடித்து இழுத்திருப்பேன். நான்கு படி கீழே நிற்கிற என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் தலையை மெதுவாகத் தன் கழுத்துக்குள் அழுத்தினாள், யாரோ குழாயோடு நிற்கிற மாதிரி. அவளுக்குப் பின்னாலிருந்து அவன் கை நீண்டு வந்து கதவைச் சாத்தியது.

மேலேறிப் போய்க் கதவில் கையை வைத்தேன். உள்ளே குழந்தை இருமியது. ஒரு இழுப்பு. சர்ர் என்று ஆரம்பிக்கிற மாதிரி ஒரு இழுப்பு.

இன்று சாயங்காலம்தான் அவன் புதிதாகத் தாழ்ப்பாள் வைத்திருக்கிறான் போல. எண்ணெய் போட்ட இரும்பு. தடங்கல் இல்லாமல், ஒரே தள்ளில், உள்ளிருந்து போட்டுக்கொண்டார்கள்.